பாண் ஆகாத பிள்ளைகள்

பசித்த பிள்ளைக்கு உணவு கொடுப்பதைப் போல் எளிய அறம் வேறொன்றில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தவன் நான். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வகுப்பிலே தலை சுற்றி அமர்ந்துவிடும் மாணவர்களுக்குப் பாணும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஊட்டுவதற்கு நெஞ்சில் ஈரம் இருந்தாற் போதும், அறிவு எதற்கு என்பதே என் முடிபாயிருந்தது. அந்த முடிபை என் மகள் வயிற்றுப் பேரன் ஒரே இரவில் மாற்றிவிட்டான்.

என் மகள் ஒல்லாந்து தேசத்தின் உத்ரெக்ட் நகரிலே வாழ்கிறாள். 1980களில் போரினால் இடம்பெயர்ந்து அந்நாட்டை அடைந்த தமிழ்க் குடும்பங்களுள் அவள் கணவனின் குடும்பமும் ஒன்று. 2016ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் முதன் முறையாக அவர்களைப் பார்க்கச் சென்றேன். பேரனுக்கு அப்போது ஆறு வயது. என் பெட்டியிலே அவனுக்கென்று ஒரு பொதி பருத்தித்துறை வடை இருந்தது. உழுந்தும் கோதுமை மாவும் மிளகாய்த்தூளும் சேர்த்துத் தட்டையாகத் தட்டிப் பொரித்த அந்த வடையின் மணம், பொதியை அவிழ்த்தவுடன் வீடெங்கும் பரந்தது. மகள் ஓடி வந்தாள்.

“அப்பா, அவனுக்குக் கோதுமை ஆகாது என்று தொலைபேசியில் எத்தனை தரம் சொன்னேன்!”

“ஒரு வடை என்ன செய்யும்? நீயும் இதைத் தின்றுதானே வளர்ந்தாய்?” என்றேன். அவள் மறுமொழி கூறாமல் பொதியை எடுத்து உயரத்திலே வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. அந்நிய நாட்டிற்கு வந்து அந்நாட்டு வைத்தியர்களின் சொல்லைக் கேட்டு, பிள்ளையின் வாயைக் கட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் மாலை அவள் கடைக்குச் சென்ற வேளையில் ஒரு வடையை எடுத்துப் பேரனிடம் நீட்டினேன். அவன் அதைக் கையில் வாங்கி, உண்ணாமல் என் முகத்தைப் பார்த்தான்.

“அம்மப்பா, இதில் கோதுமை இருக்கிறதா?”

“இல்லை” என்றேன்.

அவன் உடனே தின்றான். நான் சொன்னதை அவன் நம்பினான். அன்றிரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தான், பலமுறை வாந்தியெடுத்தான். விடியுமட்டும் அவன் அருகிலே அமர்ந்திருந்தேன். என்ன உண்டாய் என்று தாய் கேட்டபோது, “அம்மப்பா இல்லையென்று சொன்னார்” என்று மட்டும் அவன் கூறினான். மகள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “அப்பா, அவன் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அவனுக்கு இருக்கிற மருந்து அது ஒன்றுதான்” என்றாள்.

அந்தச் சொல்லின் பொருளை அறிய நான் சில நூல்களைத் தேடிப் படித்தேன். படித்தவற்றை ஆசிரியர்களும் மாணவரும் அறிய வேண்டுமென்ற எண்ணத்தினால் இதனை எழுதுகிறேன்.

இந்நோய்க்குச் சீலியாக் என்று பெயர். வயிறு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழியாக வந்தது அது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த கப்படோசிய நாட்டு வைத்தியர் அரீற்றியஸ், உண்டது செரியாது கழியும் நெடுநாள் நோயொன்றை இப்பெயரால் குறித்தார். பிள்ளைகளிடத்து இதனைத் தெளிவாக விவரித்தவர் சாமுவேல் ஜீ என்னும் ஆங்கில வைத்தியர். 1887இல் இலண்டனில் நிகழ்த்தி 1888இல் அச்சிற் கொணர்ந்த விரிவுரையில் அவர் இந்நோயை வர்ணித்தார். வயிறு பருத்து, கைகால் மெலிந்து, முகம் வெளிறி, வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் அவர் கண்ட நோயாளிகள். என் பேரனும் இரண்டு வயதில் அப்படித்தான் இருந்தான். கண்ணூறு பட்டிருக்கிறது என்று அவன் பாட்டி சொன்னாள். பூச்சி மருந்து கொடுக்கச் சொல்லி நான் தொலைபேசியில் வற்புறுத்தினேன்.

இந்நோய் தீருமாயின் அது உணவினாலேயே தீரும் என்பதை ஜீ உணர்ந்திருந்தார். ஆனால் எந்த உணவு குற்றவாளி என்பதை அவர் அறியவில்லை. மாப்பண்டங்கள் மிகுதியாகக் கூடாதென்றார். அதுவரை சரியே. பின்பு அரிசி, சவ்வரிசி, சோளமா ஆகியவற்றைத் தகாதனவென விலக்கிவிட்டு, மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்றாக வாட்டிய பாணை அனுமதித்தார்! சோறுண்ணும் நாட்டினராகிய நாம் இதனைப் படிக்கும்போது நகைப்போம். குற்றமற்ற அரிசியைச் சிறையிலிட்டு, குற்றவாளியாகிய பாணைச் சற்று வாட்டி வீட்டுக்குள்ளே விட்டார் அந்த அறிஞர். அவரிடம் வந்த பிள்ளையொன்று நாள்தோறும் ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலான ஒல்லாந்து மட்டிகளை உண்டு வியக்கத்தக்க விதமாகத் தேறியதாம். மட்டிப் பருவம் முடிந்ததும் நோய் மீண்டது. அடுத்த பருவத்தில் அப்பிள்ளை மட்டியை வாயிலே வைக்க மறுத்துவிட்டதாம். மட்டியிலே மருந்து எதுவும் இல்லை. வயிறு நிறைய மட்டி உண்ட பிள்ளை வேறெதனை உண்ணாது விட்டது என்பதிலேதான் மருந்து இருந்தது என்று இன்று நாம் ஊகிக்கலாம்.

1924இல் நியூயோர்க் நகரின் சிட்னி ஹாஸ் என்னும் வைத்தியர் வாழைப்பழ உணவு முறையை வெளியிட்டார். பாணையும் தானியங்களையும் உருளைக்கிழங்கையும் விலக்கி வாழைப்பழத்தை மிகுதியாகக் கொடுத்தார். மரணத்தின் வாயிலில் நின்ற பிள்ளைகள் பலர் பிழைத்தனர். புகழ் வாழைப்பழத்திற்குச் சென்றது. இதனால் விளைந்த கேடும் ஒன்று உண்டு. பிள்ளை தேறிவிட்டது, நோய் ஒழிந்தது என்று எண்ணிய பெற்றோர் மீண்டும் பாணைக் கொடுத்தார்கள். காப்பாற்றியது எது என்று அறியாதவனால் காப்பாற்றியதைத் தொடர முடியாது.

உண்மையைக் கண்டவர் என் பேரன் வாழும் நாட்டைச் சேர்ந்தவர் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. வில்லெம் காரெல் டிக்கே என்னும் அவ்வைத்தியர் 1905இல் டோர்ட்ரெக்ட் நகரிற் பிறந்தவர். ஹேக் நகரின் யூலியானா சிறுவர் வைத்தியசாலையில் தலைமை வகித்தவர். 1930களில், பாணை நிறுத்தியபோது தன் பிள்ளை நலமடைந்ததென ஓர் இளந்தாய் கூறிய செய்தி அவர் காதில் விழுந்தது. தாய்மார் இவ்வாறு கூறுவது புதிதன்று. கூறியதும் வைத்தியர்கள் தலையசைத்துவிட்டு வேறு பேசுவதும் புதிதன்று. டிக்கே தலையசைத்ததோடு நிற்கவில்லை. கோதுமை நீக்கிய உணவைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1941இல் ஒல்லாந்து வைத்தியச் சஞ்சிகையொன்றில் அதுபற்றி எழுதினார்.

பின்பு வந்தது 1944–45ஆம் ஆண்டுகளின் பஞ்சக் குளிர்காலம். ஜேர்மானியர் உணவுப் போக்குவரத்தைத் தடுக்க, மேற்கு ஒல்லாந்து பட்டினியால் வாடியது. மக்கள் சர்க்கரைக் கிழங்கையும் துலிப் பூவின் கிழங்கையும் அவித்து உண்டனர். ஏறக்குறைய 20,000 பேர் மடிந்தனர். நாடே மெலிந்த அக்காலத்திலே சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினர் என்றும், விமானங்கள் உணவைப் போட்டு மீண்டும் பாண் கிடைத்தபோது அவர்கள் நோயுற்றனர் என்றும், அதைக் கண்டே டிக்கே உண்மையை உணர்ந்தார் என்றும் ஒரு கதை எங்கும் வழங்குகிறது. கதை அழகானது, ஆனால் வரிசை பிழையானது. போருக்கு முன்னரே அவர் கோதுமையை ஐயுற்றுவிட்டார். பஞ்சம் அவருக்கு அந்த ஐயத்தைத் தரவில்லை. இருந்த ஐயத்தை உறுதிப்படுத்தியது. ஒரு தாயின் சொல்லை ஒருவர் செவிமடுத்தார் என்பதைக் காட்டிலும், பஞ்சமும் விமானமும் கொண்ட கதை கேட்பதற்குச் சுவையாயிருக்கிறது. அதனாலே தாய் மறைந்தாள், விமானம் நின்றது.

போர் முடிந்தபின் டிக்கே செய்தது பொறுமையின் வேலை. சில பிள்ளைகளை ஆண்டுக்கணக்கிலே தொடர்ந்து, கோதுமை உண்ட காலத்தையும் உண்ணாத காலத்தையும் பிரித்து, உயரத்தையும் எடையையும் வரைபில் குறித்தார். வான் டி காமர் என்னும் இரசாயன அறிஞர், பிள்ளைகளின் மலத்திலே கழியும் கொழுப்பின் அளவைத் திருத்தமாகக் காணும் முறையொன்றை வகுத்தார். கோதுமை உணவிற் சேர்ந்தவுடன் அந்த அளவு ஏறியது, நீக்கியவுடன் இறங்கியது. வையர்ஸ் என்னும் வைத்தியரும் இவர்களோடு சேர்ந்து உழைத்தார். 1950இல் உத்ரெக்ட் சர்வகலாசாலையில் டிக்கே தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். 1952இல் பர்மிங்ஹாம் நகரில் சார்லட் அண்டர்சன் முதலியோர் இதே முடிவை உறுதி செய்தனர். டிக்கே 1962இல் காலமானார்.

டிக்கேயும் பிள்ளைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தார், நானும் கொடுத்தேன். அவர் அளந்து கொடுத்தார், விளைவை எழுதி வைத்தார், அறிந்தபின் நிறுத்தினார். நான் அளக்கவுமில்லை, அறியவுமில்லை. அதற்கு மேலாகப் பொய்யும் சொன்னேன்.

கோதுமையில் அப்படி என்னதான் இருக்கிறது? ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலே எளிதாகக் காட்டலாம். ஒரு பிடி கோதுமை மாவை நீர் விட்டுப் பிசைந்து உருண்டையாக்கி, ஒரு கிண்ணம் நீரிலே மெல்லக் கசக்கிக் கழுவுங்கள். நீர் பால்போல் வெளுக்கும், வெளியேறுவது மாப்பொருள். பலமுறை நீரை மாற்றிக் கழுவியபின் கையில் எஞ்சுவது இறப்பர்போல் இழுபடும் ஒரு பசை. இதுவே குளுட்டன் என்னும் புரதம். பொலோஞா நகரின் பெக்காரி என்னும் அறிஞர் 1745இல் இதனை இவ்வாறே பிரித்து விவரித்தார். அரிசி மாவை உருட்டிக் கழுவினால் கையில் இத்தகைய பசை எஞ்சாது. பாண் பொங்குவதும் ரொட்டி வீச்சுக்கு இழுபடுவதும் இந்தப் பசையினாலேதான். ஒல்லாந்து அறிஞர்கள் கோதுமையை இவ்வாறு பிரித்து ஆராய்ந்தபோது, மாப்பொருள் தீங்கற்றதென்றும் பசையே தீங்கானதென்றும் கண்டனர். பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இதன் உறவினர் உளர்.

நமது சிறுகுடலின் உட்சுவரிலே எண்ணற்ற சடைமுளைகள் உள்ளன. உண்டதன் சாரத்தை உறிஞ்சுபவை அவையே. சீலியாக் உடையவரிடத்து, குளுட்டன் வந்தவுடன் உடலின் நிர்ப்பீடனம் அதைப் பகையெனக் கொண்டு போர் தொடுக்கிறது. அப்போரில் அழிவது சொந்தச் சடைமுளைகள். அவை தேய்ந்து தட்டையாகிவிடுவதை 1954இல் ஜோன் போலி என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்தார். பாலும் முட்டையும் நெய்யும் கொடுத்தாலும் பிள்ளை மெலிவது இதனாலேதான். இந்நோயுடையவரின் பிறபொருளெதிரிகள் உடலின் எந்த நொதியத்தைத் தாக்குகின்றன என்பது 1997இல் கண்டறியப்பட்டது. இன்று நோயை ஐயுறுவதற்கு ஓர் இரத்தப் பரிசோதனை போதும். ஆனால் இங்கே ஒன்றை வற்புறுத்த வேண்டும். பரிசோதனைக்கு முன்னர் கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தம் உண்மையைக் காட்டாது. வைத்தியரைக் காணுமுன் உணவை மாற்றலாகாது.

உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு என்று மதிப்பிடுகின்றனர். வெள்ளையரின் நோய் என்று ஒருகாலத்திலே கருதப்பட்டது. கோதுமை உண்ணும் வட இந்தியாவிலும் அதே விகிதம் இருப்பதை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பரம்பரையிலே இதற்கு இடம் இருக்க வேண்டும். உணவிலே கோதுமையும் இருக்க வேண்டும். நாமோ காலையிற் பாணும் மாலையிற் பணிசும் இரவிற் கொத்து ரொட்டியும் உண்ணத் தொடங்கி வெகுகாலமாயிற்று.

மருந்து இல்லாத நோய் என்று இதனைச் சொல்வார்கள். மருந்து உண்டு, அது அடுப்படியில் இருக்கிறது. குளுட்டனை முற்றாக நிறுத்தினால் சடைமுளைகள் மீண்டும் வளர்கின்றன. பிள்ளைகளிடத்து விரைந்து வளர்கின்றன. வாழ்நாள் முழுவதும் நிறுத்த வேண்டும் என்பதே கடினம். சர்வதேச விதியின்படி, ஒரு கிலோகிராம் உணவிலே குளுட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படாதிருந்தால் மட்டுமே அதைக் குளுட்டன் அற்றது என்று விற்கலாம். ஒரு துண்டு பாணிலிருந்து உதிரும் பொடிகூட எத்துணைப் பெரிது என்பதை இதனால் உணரலாம். என் மகள் வீட்டிலே பாண் வாட்டும் கருவி இரண்டு. மரக்கரண்டிகள் இரண்டு வகை. வெண்ணெய்க் கிண்ணமும் இரண்டு. முதல் நாள் அவற்றைக் கண்டு, இது என்ன புதுமையான தீட்டு என்று நான் மனத்துள் நகைத்தேன். இப்போது நகைப்பதில்லை.

பாணே காலை உணவும் மதிய உணவுமாகிய நாடு அது. வகுப்பிலே பிறந்தநாள் வந்தால், அந்தப் பிள்ளை தன் தோழர் அனைவருக்கும் ஏதாவது தின்பண்டம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். என் பேரனின் ஆசிரியை தன் அலுமாரியிலே ஒரு சிறு பெட்டி வைத்திருக்கிறார். அதிலே அவன் உண்ணக்கூடிய இனிப்புகளைத் தாய் நிரப்பிக் கொடுக்கிறாள். மார்கழி 5ஆம் திகதி வரும் சின்டர்கிளாஸ் விழாவிலே பிள்ளைகள் மீது வாசனைப் பிஸ்கட்டுகளை வாரி வீசுவார்கள். பிற பிள்ளைகள் குனிந்து பொறுக்கி வாயிலே போடுவார்கள்; என் பேரன் பொறுக்கித் தோழர்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தாய் அரிசி மாவிலே சுட்டு வைத்தவற்றை உண்பான். ஆறு வயதிலே அவன் கற்ற அடக்கத்தை நான் எழுபது வயதிலும் கற்கவில்லை.

நமது அடுக்களையோ இத்தகைய பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போன்றது. சோறு, அரிசிமா இடியப்பம், நீற்றுப்பெட்டியில் அவித்த அரிசிமாப் பிட்டு, குரக்கன் ரொட்டி, ஒடியற் கூழ், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங் கஞ்சி ஆகியவற்றுள் ஒன்றிலும் குளுட்டன் இல்லை. சோற்றோடு மட்டும் நில்லாது குரக்கனும் பயறும் கீரையும் சேர்ந்தால் இரும்புச்சத்துக்கும் குறைவிராது. ஆனால் இந்நாளில் பெயரை நம்பலாகாது. இடியப்பத்திலும் பிட்டிலும் அவித்த கோதுமை மாவைக் கலக்கிறோம். யாழ்ப்பாணத்துத் தோசைக்கும் கோதுமை மா சேர்ப்பவர் பலர். பாயாசத்திலே சேமியா, உப்புமாவிலே ரவை, கட்லட்டின் மேலே பாண்தூள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மா கலந்திருப்பதுண்டு. அரிசியை இடிக்கும் ஆலையிலேயே கோதுமையும் அரைபடுகிறது. வடை பொரித்த எண்ணெயிலே அப்பளம் பொரிகிறது. ஆகவே, சமைத்தவர் உண்மையைச் சொன்னாலன்றி உண்பவர் அறிய வழியில்லை.

இதனாலேதான் என் மகளின் சொல் எனக்கு இன்றும் சுடுகிறது. இத்தகைய பிள்ளை தன் வாழ்நாளில் ஆயிரம் வீடுகளிலே, ஆயிரம் கைகளின் முன் நின்று ஒரே கேள்வியைக் கேட்கப் போகிறது. இருக்கிறது என்று சொல்வது நன்று. இல்லை என்று அறிந்து சொல்வது நன்று. தெரியாது என்று சொல்வதும் நன்றே; தெரியாது என்றால் அது உண்ணாது, நலமாயிருக்கும். அறியாமல் இல்லை என்பதும், அன்பினால் இல்லை என்பதும் மட்டுமே நஞ்சு. வகுப்பிலே இத்தகைய மாணவன் ஒருவன் உண்டாயின், அவனுடைய கேள்வியை அடம் என்றோ செல்லம் என்றோ கொள்ளாதிருக்குமாறு ஆசிரிய அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஈராண்டு கழித்து மீண்டும் ஒல்லாந்து சென்றேன். இம்முறை பெட்டியிலே குரக்கன் மா இருந்தது. ஆலைக்குக் கொடுக்கவில்லை. குரக்கனைச் சுளகிலே புடைத்து, கல் நீக்கி, கழுவிக் காயவைத்து, புதிதாக வாங்கிய உரலிலே நானும் அவன் பாட்டியும் இடித்து அரித்தோம். தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து அவன் தாய் ரொட்டி சுட்டாள். நான் அதைத் தட்டிலே வைத்து நீட்டினேன். எட்டு வயதுப் பேரன் தட்டைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். பின்பு, என்னிடம் கேட்காமல், தாயிடம் திரும்பிக் கேட்டான்.

“அம்மா, இதில் கோதுமை இருக்கிறதா?”

“அம்மப்பாவிடம் கேள்” என்றாள் என் மகள்.

அவன் என்னிடம் கேட்டான். குரக்கன், தேங்காய்ப்பூ, உப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இடித்த உரல் புதியது என்றும் சொன்னேன். அவன் சற்று நேரம் யோசித்தான். பின்பு ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை வாயிலே வைத்தான்.